குடலெனும் அரணும் சால்மொனெல்லா என்னும் பகையும்

கெட்டுப்போன உணவை உண்டவருக்கு வயிறு கடுக்கும். இரண்டொரு நாள் பேதியாகும். பின்னர்த் தானே தணிந்துவிடும். இது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆயின், சிற்சில வேளைகளில் அதே உணவு ஒருவரின் உயிரையே கொண்டுபோய் விடுவதும் உண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், சிங்கப்பூரின் ரிவர் வேலி வட்டாரத்து உணவகம் ஒன்றில் சமைக்கப்பட்ட உணவை உண்டவர்களுள் 82 பேர் நோயுற்றனர். 47 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் எட்டு நாள் கழித்து இறந்தார். நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது சால்மொனெல்லா டைபிமியூரியம் என்னும் நுண்ணுயிர் காணப்பட்டது. இறந்தவரின் குருதியில் நச்சேறி, உறுப்புகள் பல செயலிழந்தன என்பது மரண விசாரணையில் தெரியவந்தது.

குடலில் தொடங்கிய ஒரு நோய் குருதிக்குள் எவ்வாறு சென்றது? இடையில் தடையேதும் இல்லையா? உண்டெனில், அத்தடையை அந்நுண்ணுயிர் எங்ஙனம் கடக்கிறது? இவ்வினாக்களுக்கு அறிவியலார் கடந்த நாற்பதாண்டுகளில் கண்ட விடைகளை ஈண்டு ஒரு சிறிது காண்போம்.

அரணின் அமைப்பு

திருக்குறளின் அரண் அதிகாரத்தை மாணவர்க்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், நீர், நிலம், மலை, காடு என்னும் நால்வகைக் காவலை எடுத்துரைப்பது வழக்கம். நம் குடலின் காவலும் ஏறக்குறைய அவ்வாறே அடுக்கடுக்காக அமைந்துள்ளது.

முதற்காவல் இரைப்பையின் அமிலம். இதனை அகழி எனலாம். இதன் வலிமையை அறிய இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் போதும். 1960களில் அமெரிக்காவின் மேரிலாந்தில், தாமாக முன்வந்தவர்களுக்குப் பாலில் கலந்து டைபாய்டு நுண்ணுயிர் கொடுக்கப்பட்டது. அவர்களுள் பாதிப்பேரை நோயாளியாக்க ஒரு கோடி நுண்ணுயிர்கள் தேவைப்பட்டன. 2014இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆய்விலோ, சோடா உப்புக் கரைசலால் அமிலத்தைத் தணித்த பின், ஆயிரமும் பத்தாயிரமுமாகிய அளவுகளே பாதிக்கு மேற்பட்டோரை நோயுறச் செய்தன. காலத்தாலும் முறையாலும் இவ்விரண்டும் வேறுபட்டவை எனினும், அகழி வற்றினால் பகைவர்க்கு வழி எளிதாகும் என்பது இதனால் விளங்கும். நெஞ்செரிச்சலுக்கென அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர் உணவில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும் என மருத்துவர் கூறுவதும் இதனாலேதான்.

இரண்டாங்காவல், குடலில் நிலையாக வாழும் எண்ணற்ற நல்ல நுண்ணுயிர்களும், குடற்சுவரைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான சளிப்படலமும் ஆகும். இது காவற்காடு. புதிதாக வருபவனுக்கு உணவும் இடமும் கிடையாதபடி பழங்குடிகள் தடுத்துவிடுகின்றனர்.

மூன்றாங்காவலே மதில். ஆறு மீட்டர் அளவு நீண்ட சிறுகுடலின் உட்புறம் முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள்தாம். அதன் பருமன் ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்கள் இறுகப் பிணைந்து இடைவெளி இல்லாதபடி நிற்கின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இவ்வுயிரணுக்கள் உதிர்ந்து புதியவை தோன்றிவிடும். இத்துணை மெல்லிய மதில் ஏன் எனின், உணவின் சத்து உள்ளே செல்லவேண்டும், நச்சுப்பொருள் வெளியே நிற்கவேண்டும் என்னும் இரண்டு கடமைகளை அஃது ஒருங்கே ஆற்றவேண்டியுள்ளது. முழுதும் மூடிய கோட்டை பட்டினியால் மடியும் அன்றோ!

பகைவன் யார்?

சால்மொனெல்லா கோல் வடிவான நுண்ணுயிர். ஏறத்தாழ ஐந்நூறு உயிரிகளை வரிசையாகக் கிடத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். 1885ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மன் தலைமையில் பணியாற்றிய தியோபால்டு ஸ்மித் என்பவர் பன்றிகளிடமிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். உழைத்தவர் ஸ்மித், பெயர் பெற்றவர் சால்மன்.

இக்குடும்பத்தில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் நோக்கிற்கு அவற்றை இரு பிரிவாகக் கொள்ளலாம். கோழி, மாடு, பன்றி முதலியவற்றிலும் மனிதரிடத்தும் வாழ்ந்து, பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அளவில் நின்றுவிடுவன ஒரு பிரிவு. டைபிமியூரியம், என்டெரிடிடிஸ் ஆகியன இதனுள் அடங்கும். மனிதனை மட்டுமே பற்றி, குடலில் அதிக ஆரவாரம் செய்யாமல் குருதிக்குள் சென்று நெடுங்காய்ச்சலை உண்டாக்குவன மற்றொரு பிரிவு. டைபாய்டை உண்டாக்கும் டைபி இதன் தலைவன். இக்காய்ச்சலைத் தமிழ்நாட்டில் குடற்காய்ச்சல் என்றும், யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் என்றும் வழங்குவர். முன்னது நோயின் இடத்தையும் பின்னது அதன் கொடுமையையும் சுட்டுகின்றன.

திட்டிவாசல்

பெரிய கோட்டைக் கதவில் ஓராள் மட்டும் குனிந்து நுழையத்தக்க சிறு வாயில் ஒன்று இருக்கும். அதனைத் திட்டிவாசல் என்பர். குடல்மதிலிலும் அத்தகைய வாயில்கள் உள்ளன.

1677இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் பேயர், சிறுகுடலின் கடைப்பகுதியில் நீள்வட்டத் திட்டுகள் சிலவற்றை விவரித்தார். இவை உடற்காவற்படையின் பாசறைகள் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இப்பேயர் திட்டுகளின் மேல், எம் உயிரணு எனப்படும் தனிவகை உயிரணுக்கள் அமைந்துள்ளன. இவற்றின்மேல் சளிப்படலம் மிக மெல்லியது. இவற்றின் வேலை, குடலில் வந்துபோகும் பொருள்களில் சிறிதளவை எடுத்து உள்ளே உள்ள காவலர்களிடம் காட்டுவதாகும். பகைவரை முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாவதற்கு ஏற்பட்ட ஒற்றாடல் இது.

இந்த ஏற்பாட்டையே சால்மொனெல்லா தனக்கு வழியாக்கிக் கொள்கிறது. 1994இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் செய்த ஆய்வில், இந்நுண்ணுயிர் முதன்முதல் நுழைவது எம் உயிரணுக்களின் வழியே என்றும், நுழைந்தபின் அவ்வுயிரணுக்களை அழித்து வாயிலை அகலமாக்கி விடுகிறது என்றும் கண்டனர். ஒற்றன் வரும் வழியே பகைப்படையும் வந்தது!

கதவைத் திறக்கும் ஊசி

திட்டிவாசல் அல்லாத பிற இடங்களிலும் மதிலைத் துளைக்கும் ஆற்றல் சால்மொனெல்லாவுக்கு உண்டு. அதன் மேற்பரப்பில் நுண்ணிய ஊசிகள் பல உள்ளன. அவை மருத்துவர் கையாளும் ஊசியைப் போல உள்ளீடற்றவை. இவ்வூசிகளை 1998இல் மின்னணு நுண்ணோக்கியின் வாயிலாக அறிவியலார் நேரே கண்டனர். இவற்றை ஆக்குவதற்கு வேண்டிய மரபணுக்கள், நுண்ணுயிரின் மரபிழையில் ஓரிடத்தில் திரண்டு கிடக்கின்றன. அவ்விடத்திற்கு நோய்த்தீவு என்று பெயர். இவை சால்மொனெல்லாவுக்குப் பிறப்புரிமையாய் வந்தவை அல்ல. முன்னொரு காலத்தில் வேற்று நுண்ணுயிரிடமிருந்து பெற்றவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

குடலின் உயிரணுவை அடைந்ததும் சால்மொனெல்லா தன் ஊசியைச் செலுத்திப் புரதங்கள் சிலவற்றை உள்ளே புகுத்துகிறது. அவை யாது செய்கின்றன? உயிரணுவுக்கு உருவம் தந்து நிற்கும் ஆக்டின் என்னும் இழைகளைக் கட்டுப்படுத்தும் பொத்தான்களை அழுத்தி விடுகின்றன. உடனே உயிரணுவின் மேற்பரப்பு அலைபோல் எழும்பி, அருகிலிருக்கும் நுண்ணுயிரைச் சூழ்ந்து, உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் இது நடந்தேறுகிறது. காரியம் முடிந்தபின், முன்பு அழுத்திய பொத்தானை விடுவிக்கும் வேறொரு புரதம் வேலை செய்கிறது. அலை அடங்குகிறது, உயிரணு பழைய வடிவைப் பெறுகிறது. மதில் இடிந்து விழவில்லை. காவலனே கதவைத் திறந்து பகைவனை உள்ளே அழைத்துக்கொண்டான் என்பதே உண்மை.

இவ்விரண்டன்றி மூன்றாவது வழியும் உண்டு. மதிலுக்கு உட்புறம் நிற்கும் காவல் உயிரணுக்கள் சில, இரண்டு உயிரணுக்களின் இடுக்கில் தம் கைபோன்ற நீட்சியை விட்டுக் குடலுக்குள் துழாவும். அவ்வாறு துழாவும் கையைப் பற்றிக்கொண்டும் நுண்ணுயிர் உள்ளே வந்துவிடலாம் என 2001இல் ஓர் ஆய்வு காட்டியது.

காவலனே ஊர்தியாதல்

மதிலைக் கடந்தவுடன் எதிர்ப்படுபவன் விழுங்கணு. பகை உயிரிகளை விழுங்கி, வயிறு போன்றதொரு பைக்குள் அடைத்து, அமிலம் ஊற்றிக் கொல்வது அவன் தொழில். பெரும்பாலான நுண்ணுயிர்கள் இவ்விடத்திலேயே மாண்டுபோகும். சால்மொனெல்லாவோ அப்பையையே இல்லமாக்கிக் கொள்கிறது. இதற்கென இரண்டாம் நோய்த்தீவும், இரண்டாம் வகை ஊசியும் அதனிடம் உள்ளன.

இவ்விடத்தில் நம் குவீன்ஸ்டவுனின் பங்கினைக் கூறவேண்டும். 1950களில் சிங்கப்பூரின் முதல் துணைநகராக எழுந்தது குவீன்ஸ்டவுன். இன்று அவ்வட்டாரத்துள் அலெக்சாண்டிரா மருத்துவமனை, கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், உயிரியல் ஆய்வுக்கென 2003இல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் ஆகியன அமைந்துள்ளன. அப்பல்கலைக்கழகத்தின் இயக்கவுயிரியல் ஆய்வு நிலையத்தில் அந்நாளில் பணியாற்றிய லிண்டா கென்னி அம்மையாரும் அவருடைய குழுவினரும் சால்மொனெல்லாவைப் பற்றி ஒரு வினாவை எழுப்பினர். விழுங்கணுவின் பைக்குள் அமிலம் பெருகும்போது, உள்ளிருக்கும் நுண்ணுயிரின் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதே அவ்வினா.

நுண்ணுயிர் தன் உட்புறத்தை அமிலம் ஏறாதபடி காத்துக்கொள்ளும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். கென்னி குழுவினர், அமிலத்திற்கேற்ப வடிவம் மாறி ஒளியால் அதனைக் காட்டும் மரபிழைக் கருவி ஒன்றை நுண்ணுயிருக்குள் வைத்துப் பார்த்தனர். 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. விழுங்கப்பட்ட சிறிது நேரத்தில் சால்மொனெல்லாவின் உட்புறமும் அமிலமாகிறது. அஃது எதிர்த்து நிற்கவில்லை. அமிலத்தையே அடையாளமாகக் கொண்டு, தான் எங்கே வந்திருக்கிறோம் என்பதை உணர்கிறது. அவ்வுணர்வே இரண்டாம் ஊசியின் வேலையைத் தூண்டுகிறது. உட்புறம் அமிலமாகாதபடி தடுத்தபோது அவ்வூசியின் வழியே புரதங்கள் சரிவரச் செல்லவில்லை. கொல்வதற்கென ஊற்றிய அமிலம், பகைவனுக்குப் போர்முரசாக ஒலித்தது என்க.

பிழைத்துக்கொண்ட நுண்ணுயிர், விழுங்கணுவுக்குள் பெருகி, அதனையே ஊர்தியாகக் கொண்டு நிணநீர்க் கணுக்களுக்கும், ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றுக்கும் செல்கிறது. இன்னுமொரு தடையும் அண்மையில் அறியப்பட்டுள்ளது. குடலைச் சூழ்ந்த குருதிக்குழாய்களின் சுவரும் நுண்ணுயிர்களை உள்ளே விடாத ஓர் அரணாகும் என 2015இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் எலிகளில் காட்டினர். சாதாரணக் குடல் நுண்ணுயிர் அவ்வரணைக் கடக்க இயலவில்லை. சால்மொனெல்லாவோ அச்சுவரின் கட்டுப்பாட்டைக் குலைத்துக் கடந்து, ஈரலை அடைந்தது.

ஆரவாரமும் மறைவும்

அங்ஙனமாயின் சால்மொனெல்லா தீண்டிய அனைவரும் ஏன் இவ்வாறு துன்புறுவதில்லை? டைபிமியூரியம் முதலியன உள்ளே நுழைந்ததும் உடற்காவற்படை விழித்துக்கொள்கிறது. குடல் அழன்று சிவக்கிறது, வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன, வயிற்றுப்போக்கு உண்டாகிறது. பெரும்பாலோர்க்குப் போர் அவ்விடத்திலேயே முடிவுறுகிறது. இந்த அழற்சியும் நுண்ணுயிருக்கு ஒரு நன்மை செய்கிறது என்பது 2010இல் அறியப்பட்டது. அழற்சியின் போது உண்டாகும் டெட்ராதயோனேட் என்னும் பொருளை மூச்சுக்குப் பயன்படுத்திச் சால்மொனெல்லா வளர்கிறது. குடலின் பழங்குடி நுண்ணுயிர்கள் பல அவ்வாறு செய்ய இயலாமல் பின்தங்குகின்றன. ஆயினும் குருதிவரை அது செல்வது நூற்றில் ஐவர் அளவிலேயே. பச்சிளங் குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோர்க்கு இவ்வாபத்து மிகுதி.

டைபியின் முறை வேறு. அது வீஐ எனப்படும் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகிறது. காவலர் அதனை எளிதில் இனங்காண்பதில்லை. ஆதலின் தொடக்கத்தில் வயிற்றில் பெரிய கலகம் எதுவும் தோன்றாது. ஒன்றிரண்டு வாரம் உள்ளுறுப்புகளில் மறைந்து பெருகியபின் குருதியில் வெளிப்படும்போதே காய்ச்சல் தொடங்குகிறது. பின்னர்ப் பித்தப்பையிலிருந்து பித்தநீருடன் மீண்டும் குடலுக்கு வந்து, முதலில் நுழைந்த பேயர் திட்டுகளையே தாக்குகிறது. மருத்துவம் செய்யாவிடின், மூன்றாம் வாரமளவில் அவ்விடம் புண்ணாகிக் குடல் ஓட்டையாவதும் உண்டு.

சிலரிடம் நோய் தணிந்த பின்னும் பித்தப்பையில் நுண்ணுயிர் தங்கிவிடும். நியூயார்க்கில் சமையற்பணி செய்த மேரி மாலன் என்னும் பெண்மணி நோய்க்குறி ஏதுமின்றியே பலருக்கு டைபாய்டைப் பரப்பியது 1907இல் கண்டறியப்பட்டது. அவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 26 ஆண்டுகளைத் தனிமைக் காவலில் கழித்து 1938இல் மறைந்தார்.

மலாயாவில் பிறந்த மருத்துவம்

நுண்ணுயிர் நம் உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்னும் உண்மை, மருந்தின் வரலாற்றையும் விளக்குகிறது. பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகள் வந்த பின்னும் டைபாய்டு அடங்கவில்லை. 1948இல் அமெரிக்க மருத்துவர்களான ஜோசப் ஸ்மேடலும் தியோடர் வுட்வர்டும் குளோராம்பெனிகால் என்னும் புதிய மருந்தைப் புதர்க்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்காகக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தனர். புதர்க்காய்ச்சல் என எண்ணி மருந்து கொடுத்தவர்களுள் சிலருக்கு உண்மையில் டைபாய்டு இருந்தது. அவர்களும் குணமடைந்தனர்! பத்து நோயாளிகளைப் பற்றிய அவர்தம் அறிக்கை மருத்துவ உலகையே வியப்பில் ஆழ்த்தியது. உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்லவல்ல மருந்து என்பதே குளோராம்பெனிகாலின் சிறப்பு.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1972இல் கேரளத்திலும் மெக்சிகோவிலும் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் மேலும் பல மருந்துகளுக்கு அடங்காத வகை தோன்றியது. வேலூர் உள்ளிட்ட இந்திய நகர்ப்பகுதிகளில் 2017 முதல் 2020 வரை குழந்தைகளிடையே நடந்த ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு கண்டதாகத் தெரிவிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றால் நடைமுறைக்கு வேண்டிய சில உண்மைகள் பெறப்படுகின்றன.

ஒன்று: அகழியைக் கடப்பவரின் எண்ணிக்கை குறைந்தால் போரே இல்லை. சமைத்த உணவு 5 முதல் 60 பாகை வரையுள்ள வெப்பநிலையில் நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிர் பன்மடங்காகும். ஆதலின் சூடான உணவைச் சூடாகவும், குளிர்ந்ததைக் குளிராகவும் வைத்தல் வேண்டும். பள்ளி விழாக்களுக்குப் பொட்டலச் சோறு வரவழைக்கும் ஆசிரியர்கள், அது எப்போது சமைக்கப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டு: காப்பிக்கடையில் ரொட்டியுடன் அரைவேக்காட்டு முட்டை உண்பது இவ்வூர் வழக்கம். என்டெரிடிடிஸ் வகை, கோழியின் உடலுக்குள்ளேயே முட்டையில் ஏறிவிடக்கூடியது; ஓட்டைக் கழுவுவதால் அது போகாது. 2021 மார்ச்சில் மலேசியப் பண்ணைகள் சிலவற்றின் முட்டைகளில் இது காணப்பட்டதால், சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. நலமுடையோர்க்கு இவ்வழக்கத்தின் ஆபத்து சிறிதே எனினும், குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் ஆகியோர் நன்கு வெந்த முட்டையையே உண்பது நலம்.

மூன்று: சாதாரண வயிற்றுப்போக்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. நலமுள்ளவர்க்கு அதனால் பெரும்பயன் இல்லை. காவற்காட்டின் நல்லுயிர்கள் அழிவதும், மருந்துக்கு அடங்காத வகை பெருகுவதுமே மிச்சம். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தலே முதன்மை. ஆனால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், மலத்தில் குருதி கண்டாலும், உடல் குளிர்ந்து மயக்கம் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். அரண் உடைந்ததற்கு அவை அறிகுறியாகலாம்.

நான்கு: டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு. தான் மறைந்து வருவதற்கென டைபி போர்த்திய அதே சர்க்கரைப் போர்வையை நம் காவலர்க்கு முன்கூட்டியே காட்டிப் பழக்குவது அவ்வூசி. இவ்வகையில் ஐதராபாத்தில் உருவான இணைப்புத் தடுப்பூசி ஒன்றை உலக நலவாழ்வு நிறுவனம் 2017 இறுதியில் ஏற்றுக்கொண்டது. ஆறு மாதக் குழந்தைக்கும் அதனைப் போடலாம். ஆயினும் முட்டையாலும் கோழியாலும் வரும் பிற வகைகளுக்கு அப்போர்வை இல்லை. ஆதலால் அவ்வூசி அவற்றைத் தடுக்காது. அங்கே நம்மைக் காப்பவை அடுப்பின் சூடும் சவர்க்காரமும் தூய நீருமே.

குடல்மதில் மெல்லியதாக இருப்பது அதன் குறையன்று. உணவு உள்ளே செல்வதற்காகவே அஃது அவ்வாறு அமைந்தது. அதனைத் தடிப்பாக்க நம்மால் இயலாது. அதன் வாயிலுக்கு வரும் பகைவரின் தொகையைக் குறைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது. அதுவும் அடுக்களையிலேயே முடியக்கூடிய வேலை.